மூன்று மாடி, மூன்று பள்ளி: டென்வர் மேனுவல் உயர்நிலைப் பள்ளி – ஒரு நிகழ்வு ஆய்வு

2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் டென்வர் நகரப் பள்ளி வாரியம், மேனுவல் உயர்நிலைப் பள்ளியை அந்தக் கல்வியாண்டோடு மூடிவிடுவதென்று முடிவெடுத்தது. நூறாண்டு தாண்டிய அரசுப் பள்ளி அது. நகரத்தின் முதல் கறுப்பின மேயரான வெலிங்டன் வெப் படித்த பள்ளி. மூடும் நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் ஐந்நூற்றைம்பது மாணவர்கள் சொச்சம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான், சின்னப் பள்ளியில் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று நம்பி, வெளியிலிருந்து வந்த நிதியுதவியோடு அதே பள்ளியை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்.

சிறிய அரசு உயர்நிலைப் பள்ளிகளின் படிப்பு நிலையைப் பற்றிப் பேச நான் மேனுவலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரே கட்டடம், ஏறத்தாழ ஒரே சுற்றுவட்டாரம். ஆனால் அது பெரிய பள்ளியாக இருந்திருக்கிறது, மூன்று துண்டாக இருந்திருக்கிறது, ஓராண்டு மாணவர்களே இல்லாமல் கிடந்திருக்கிறது, அப்புறம் புதிதாகத் தொடங்கிய சின்னப் பள்ளியாகவும் இருந்திருக்கிறது. எல்லாம் இருபது ஆண்டுகளுக்குள். 'சிறிய பள்ளி நல்லதா கெட்டதா' என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு இந்தப் பள்ளி ஒரு திருத்தம் சொல்கிறது: அது எப்படிச் சிறியதானது என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்றால் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தில், எல்லோரும் ஒரே நாளில் எழுதி 'பாஸ்' ஆகும் பொதுத்தேர்வு இல்லை. நான்கு ஆண்டுகளில் போதுமான பாடங்களை முடித்தால் பள்ளிச் சான்றிதழ். எனவே ஒரு பள்ளியின் தரத்தை இரண்டு எண்களால் அளக்கிறார்கள்: மாநிலத் தேர்வில் எத்தனை பேர் எதிர்பார்த்த நிலையை எட்டினார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள்.

பேருந்து வந்த காலம், நின்ற காலம்

1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கீஸ் வழக்கில், டென்வர் பள்ளி நிர்வாகம் நகரத்தின் ஒரு பகுதியில் வேண்டுமென்றே இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை ஏற்றது. தெற்கு மாநிலங்களுக்கு வெளியே இருந்த ஒரு நகரத்துக்கு எதிராக அந்த நீதிமன்றம் இப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டிலிருந்து, பிள்ளைகளை இனம் கலந்து படிக்கவைக்க, நீதிமன்ற ஆணைப்படி பேருந்துகள் ஓடின. வசதியான பகுதி வெள்ளைக்காரப் பிள்ளைகள் நகரத்தின் வடகிழக்கே இருந்த மேனுவலுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் மேனுவலுக்கு நல்ல பெயர். கல்லூரி நிலைப் பாடங்களான ஏ.பி. வகுப்புகள் நடந்தன, பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகள் போனார்கள்.

ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. பள்ளியின் சராசரி என்பது ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு கூட்டத்தின் சராசரி. பேருந்தில் வந்து இறங்கிய பிள்ளைகள் மேல்நிலைப் பாடங்களை நிரப்பினார்கள். நடந்து வந்த பிள்ளைகளில் பலர் அந்த அறைகளுக்குள் நுழையவே இல்லை. மொத்த எண் பளிச்சென்று இருக்கும்வரை யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

1995-ல் நீதிமன்றம் அந்த ஆணையை விலக்கிக்கொண்டது. பேருந்துகள் நின்றன. வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் தங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் போய்விட்டார்கள். மேனுவல் ஒரே ஆண்டில் வறுமை மிகுந்த, பெரும்பாலும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), கறுப்பினக் குடும்பங்களின் பள்ளி ஆனது. எதிர்பார்த்தபடியே மதிப்பெண்கள் சரிந்தன. பள்ளி திடீரென்று கெட்டுப்போய்விட்டது என்று நகரம் பேசிக்கொண்டது. ஆசிரியர்கள் ஒரு கோடை விடுமுறைக்குள் பாடம் நடத்த மறந்துபோகவில்லை. வாசலுக்குள் வரும் பிள்ளைகள் மாறினார்கள், அவ்வளவுதான். அதுவரை சராசரிக்குள் மறைந்திருந்த பிள்ளைகள் இப்போது எண்களில் தெரியத் தொடங்கினார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதே வாசிப்பில் பல ஆண்டுகள் பின்தங்கியவர்கள், வீட்டில் ஸ்பானிஷ் பேசி ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருந்தவர்கள், வீட்டு வாடகை தர முடியாமல் ஆண்டு நடுவில் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள். இந்த மூன்றும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருப்பதும் அங்கே சாதாரணம்.

'சின்னது' என்ற மருந்து

2000-க்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் அமெரிக்கக் கல்வித் துறையில் ஒரு யோசனை வேகமாகப் பரவியது. பெரிய உயர்நிலைப் பள்ளிகள் தொழிற்சாலை போல இருக்கின்றன, ஆயிரம் பேரில் ஒரு பிள்ளை காணாமல் போனாலும் யாருக்கும் தெரிவதில்லை, ஆகவே பள்ளியை 400 பேருக்குள் சுருக்கினால் ஒவ்வொரு பிள்ளையையும் ஏதோ ஒரு ஆசிரியருக்காவது நன்றாகத் தெரிந்திருக்கும் என்றார்கள். தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. கேட்ஸ் அறக்கட்டளை இதன் பின்னால் நின்றது. 2000 முதல் 2008 வரை நாடு முழுக்கச் சிறிய பள்ளிகளுக்கென்று அது செலவிட்டது சுமார் 200 கோடி டாலர்.

இந்த ஆர்வத்துக்கு ஊக்கம் கொடுத்த ஆதாரங்களில் ஒன்று: தேர்வு முடிவுகளின் உச்சியில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இடம்பிடித்திருந்தன. பின்னாளில் ஹோவர்டு வெய்னர் என்ற புள்ளியியலாளரும் அவருடைய கூட்டாளியும் பென்சில்வேனியா மாநிலத்தின் 1,662 பள்ளிகளை எடுத்துப் பார்த்தார்கள். முதல் 50 இடங்களில் இருந்தவற்றில் ஆறு, மாநிலத்தின் மிகச் சிறிய பள்ளிகள். தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியதைவிட நான்கு மடங்கு. அப்புறம் அவர்கள் பட்டியலின் அடிப்பகுதியைப் பார்த்தார்கள். அங்கேயும் சிறிய பள்ளிகளே அளவுக்கு மீறி இருந்தன. உயர்நிலைப் பள்ளிகளை மட்டும் தனியே எடுத்தால், பெரிய பள்ளிகளின் மதிப்பெண்ணே சற்றுக் கூடுதல்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 400 பேர் வெளியேறும் பள்ளியில், மூன்று ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முடிவு ஏறத்தாழ 68-க்கும் 72-க்கும் இடையில் நிற்கும். அதே 70 சதவீத வாய்ப்பு, அதே ஆசிரியர்கள், ஆனால் ஆண்டுக்கு 25 பேர்தான் என்றால் எண் 61-லிருந்து 79 வரை ஆடும். அதற்கு வெளியே போகிற ஆண்டுகளும் வரும். ஒரு பிள்ளை மட்டுமே நான்கு சதவீதம். 79 வந்த ஆண்டில் பாராட்டு விழா நடக்கும், 61 வந்த ஆண்டில் விசாரணை நடக்கும். பள்ளிக்குள்ளே எதுவும் மாறியிருக்காது.

சிறிய பள்ளியின் தேர்வு முடிவை ஓராண்டை வைத்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. கொலராடோ மாநிலமும் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது: மதிப்பீட்டில் 16 மாணவருக்குக் குறைவான குழுவின் தேர்ச்சி எண்ணையும், 20 பேருக்குக் குறைவான குழுவின் வளர்ச்சி எண்ணையும் (பிள்ளைகள் முந்தைய ஆண்டிலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்ற எண்) கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 21 பேர் இருந்தால் அந்த எண் முழு அந்தஸ்தோடு அறிக்கையில் ஏறிவிடும்.

மாடிக்கு ஒரு பள்ளி

2001-ல் மேனுவலைப் பிரித்தார்கள். அறக்கட்டளை வழியாக வந்த தொகை சுமார் பத்து லட்சம் டாலர். சுமார் 1,100 மாணவர்கள். தலைமைப் பண்பை மையமாகக் கொண்ட ஒரு பள்ளி, கலையையும் பண்பாட்டையும் மையமாகக் கொண்ட ஒரு பள்ளி, 'மில்லெனியம் குவெஸ்ட்' என்று ஒரு பள்ளி. மாடிக்கு ஒன்று. மூன்று தலைமையாசிரியர்கள், மூன்று அலுவலகங்கள்.

புதிதாகத் தொடங்கிய பள்ளிகள் என்று இவற்றைச் சொல்ல முடியாது. அதே ஆசிரியர்கள், அதே மாணவர்கள், நான்கு வகுப்பும் ஒரே நாளில் மூன்று பங்காகின. பங்கு பிரிக்கும்போது ஒருவருக்குப் போனது இன்னொருவருக்கு இல்லை. நூலகம், உடற்பயிற்சிக் கூடம் மாதிரியான பொது இடங்களுக்கு மூன்று தலைமையாசிரியர்களும் பேசி நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. ஒரு மாடிப் பிள்ளை இன்னொரு மாடியில் போய்ப் பாடம் படித்தால் 'தனிப் பள்ளி' என்ற அடையாளம் கலைந்துவிடும் என்பது அந்தக் காலத்துச் சிறிய பள்ளிச் சூத்திரம். ஆக, கீழ் மாடியில் ஒரு நல்ல பாடம் நடந்தாலும் மேல் மாடிப் பிள்ளைக்கு அது எட்டாது. விருப்பப் பாடங்கள் குறைந்தன. ஏ.பி. வகுப்புகள் குறைந்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்துகொண்டிருந்த பாட்டுக் குழு மாதிரியான விஷயங்கள்தான் முதலில் அடிபட்டன.

வெளியே இருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத இடம் கால அட்டவணை. சின்னப் பள்ளியின் தலைவிதி பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படுகிறது என்பேன். 200 மாணவர்கள் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் கணிதம் வேண்டும்; வகுப்புக்கு 25 பேர் என்றால் மொத்தம் எட்டுப் பிரிவுகள். ஒரு ஆசிரியர் நாளுக்கு ஐந்து பிரிவு எடுப்பார் என்றால் இரண்டு கணித ஆசிரியருக்குக்கூட முழு வேலை இல்லை. ஆனால் பாடங்கள் குறையாது: முதல் நிலை இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் நிலை இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம், பின்தங்கியவர்களுக்கான அடிப்படை வகுப்பு, முடிந்தால் நுண்கணிதம். ஆறு பாடத்தை இரண்டு பேர் பகிர வேண்டும். பெரிய பள்ளி ஆசிரியர் ஒரே வடிவியல் பாடத்தை நான்கு தடவை எடுத்து, நான்காம் தடவை மெருகேற்றுவார். சின்னப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொரு மணியடிக்கும் வேறொரு பாடத்துக்குத் தயாராக நிற்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர் என்றால் முதல் ஆண்டிலேயே திணறிப்போவார்.

மாணவர் பக்கமும் அப்படித்தான். இயற்பியல் எடுக்க 18 பேர், இசை எடுக்க 22 பேர் இருந்தால் இரண்டுக்கும் ஒவ்வொரு பிரிவுதான். இரண்டும் நான்காம் பீரியடில் விழுந்தால் ஒரு பிள்ளை ஒன்றைக் கைவிட வேண்டும். பின்தங்கியவர்களுக்கு அடிப்படை வாசிப்பு வகுப்பும் அதே பீரியடில் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தெரிவே கிடையாது. ஆயிரம் பேர் பள்ளியில் இயற்பியலுக்கு நாலைந்து பிரிவு இருக்கும். ஒன்று இடித்தால் இன்னொன்று.

மேனுவலின் 550-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு பள்ளிக்கு 200 கூடத் தேறாது. மேலே சொன்ன கணக்கு கற்பனையான பள்ளியுடையதுதான், ஆனால் வெகுதூரத்துப் பள்ளியுடையது இல்லை.

சரி, ஆசிரியருக்கு மாணவரைத் தெரியும் என்ற நன்மை என்ன ஆனது? அது நிஜமாகவே கிடைத்தது. பள்ளி மூடப்படும் என்ற செய்தி வந்தபோது பிள்ளைகள் அவ்வளவு தூரம் எதிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பிள்ளையை அறிந்த ஆசிரியரின் கையில் அந்தப் பிள்ளைக்குத் தேவையான பாடம் இல்லை என்றால், அறிந்து என்ன செய்வார்? ஐந்தாம் வகுப்பு அளவில் வாசிக்கிற 15 வயதுப் பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லித்தரத் தனிப் பயிற்சி வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர் இலக்கியம் நடத்தப் பயின்றவர். எழுத்துக் கூட்டி வாசிப்பதைச் சொல்லித்தர அவருக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. பள்ளியைச் சுருக்கியதால் அந்தத் திறமை தானாக வந்துவிடாது.

மாணவர் போனால் பணமும் போகும்

கொலராடோவில் 1990-களிலிருந்தே பெற்றோர் தங்கள் பகுதிப் பள்ளியை விட்டு வேறு அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாம். மேனுவலைப் பற்றிய கெட்ட பேச்சு பரவப் பரவ, வசதியும் விவரமும் இருந்த குடும்பங்கள் முதலில் கிளம்பின. வீட்டில் கார் இருந்தவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் போன் பேசி விசாரிக்க முடிந்தவர்கள். 1,100 என்ற எண் ஐந்து ஆண்டுகளில் பாதியானது.

ஒரு மாணவர் போனால் அவர் பெயரில் வரும் நிதியும் கூடவே போகும். ஆனால் கட்டடத்தின் கொதிகலன் அப்படியே எரிய வேண்டும், கூரை ஒழுகினால் அதே செலவு. மூன்று பள்ளி என்றால் மூன்று தலைமையாசிரியர் சம்பளமும் அப்படியே நிற்கும். வெட்டக்கூடியது ஆசிரியர் இடங்கள்தான். ஆசிரியர் குறைந்தால் பாடம் குறையும், பாடம் குறைந்தால் இன்னும் சில குடும்பங்கள் கிளம்பும். 2001-ல் வேண்டுமென்றே சின்னதாக்கப்பட்ட பள்ளி, 2003, 2004 வாக்கில் தானாகவே சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் 'சிறிய பள்ளி' என்று எழுதிவிடுவதால்தான் இதைப் பற்றிய விவாதம் இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

2001-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் 2005-ல் அங்கேயே படித்து முடித்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். கேட்டால் நெஞ்சு பதறும் எண். ஆனால் இதை எப்படிப் படிப்பது என்றும் பார்க்க வேண்டும். மீதி நான்கு பேரில் ஒரு பகுதியினர் படிப்பையே விட்டவர்கள். இன்னொரு பகுதியினர் வேறு பள்ளிக்குப் போனவர்கள். நாடு முழுவதற்கும் ஒரே சூத்திரத்தை 2008-ல்தான் மத்திய அரசு விதியாக்கியது: ஒன்பதாம் வகுப்பில் முதன்முறை சேர்ந்தவர்கள், அதோடு இடையில் வந்து சேர்ந்தவர்கள், அதிலிருந்து முறையாக மாறிப்போனவர்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் நான்கு ஆண்டில் முடித்தவர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. இதில் 'முறையாக' என்ற சொல்தான் சிக்கல். ஒரு குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டால், புதிய பள்ளியிலிருந்து எழுத்துச் சான்று வரும்வரை அந்தப் பிள்ளை பழைய பள்ளியின் கணக்கில் படிப்பை முடிக்காதவர். பெரிய பள்ளியில் இதைத் துரத்திப் பிடிக்க ஒரு ஆளே இருப்பார். சின்னப் பள்ளியில் வருகைப் பதிவைப் பார்க்கிறவரே தொலைபேசியையும் எடுக்க வேண்டும். ஐந்து பிள்ளைகளின் காகிதம் வராவிட்டால், 50 பேர் கொண்ட தொகுதியில் அதுவே பத்து சதவீதம்.

மேனுவலின் நிலைமை காகிதக் கோளாறு என்று நான் வாதாட வரவில்லை. மாநிலத் தேர்விலும் அதன் முடிவுகள் படுமோசமாகவே இருந்தன. ஆனால் 'இத்தனை பேர் தோற்றார்கள்', 'இத்தனை பேர் தொலைந்தார்கள்', 'இத்தனை பேர் வேறிடம் தேடிப் போனார்கள்' என்ற மூன்றையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்கினால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

மூடியது

2005 கோடையில் டென்வர் பள்ளிகளின் கண்காணிப்பாளராக மைக்கேல் பெனட் வந்தார். கல்வித் துறைக்காரர் இல்லை. முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து, மேயர் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தவர். 2009-ல் செனட்டர் ஆனார். மேனுவலை மூடி, ஒரு ஆண்டு இடைவெளி விட்டு, ஒன்பதாம் வகுப்பு மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்குவது அவருடைய திட்டம். இருக்கிற பிள்ளைகள் நகரத்தின் வேறு நல்ல பள்ளிகளுக்குப் போகலாம், ஒவ்வொருவருக்கும் துணை நிற்போம் என்றார். வாரியம் ஒத்துக்கொண்டது.

பிள்ளைகள் கொதித்தார்கள். தோற்ற பள்ளியிலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னால் நன்றி சொல்வார்கள் என்று நிர்வாகம் எதிர்பார்த்திருக்கலாம். தங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் பகுதியில் இருக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளியை எடுத்துவிட்டு, முன்பின் தெரியாத பள்ளிக்கு, நகரத்தின் இன்னொரு மூலைக்குப் போகச் சொன்னால் எப்படி என்று கூட்டங்களில் பேசினார்கள். அந்தக் கோடையில் பெனட்டும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளியில் சேரச் சொல்லி அழைத்தார்கள். பலர் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் புதிய இடத்தில் நிற்கவில்லை.

மூடுவதற்கான நியாயம் முழுக்க வரப்போகும் பிள்ளைகளைப் பற்றியது. அதன் விலையை முழுக்கக் கொடுத்தவர்கள் அப்போது உள்ளே இருந்த பிள்ளைகள். பத்தாம், பதினோராம் வகுப்பில் பள்ளி மாறுவது எந்தப் பிள்ளைக்கும் பெரிய இடி. பாதியில் நிற்கும் பாடம், ஒத்துப்போகாத கால அட்டவணை, பெயர் தெரிந்த ஒரே ஆசிரியரும் இல்லாமல் போவது. எதைக் கொடுப்பதாகச் சொல்லிப் பள்ளியைச் சின்னதாக்கினார்களோ, அந்த நெருக்கத்தைத்தான் மூடும்போது முதலில் அறுத்தார்கள்.

இதே காலத்தில் நியூயார்க்கில்

மேனுவலை மட்டும் பார்த்துவிட்டுச் சிறிய பள்ளி என்ற யோசனையே தோல்வி என்று முடிவு கட்டினால் அது அவசரம். 2002-க்குப் பிறகு நியூயார்க் நகரம் இருபதுக்கும் மேற்பட்ட பெரிய, தோற்றுப்போன உயர்நிலைப் பள்ளிகளை மூடி, இருநூறுக்கும் மேற்பட்ட சிறிய பள்ளிகளைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று ஒவ்வொரு ஆண்டு வகுப்பிலும் மொத்தம் நூறு பேர் சுமார். நிறையப் பேர் விண்ணப்பித்த பள்ளிகளில் குலுக்கல் மாதிரியான முறையில் இடம் கிடைத்ததால், இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் அதைத்தான் செய்தது. 2010-ல் வந்த முதல் அறிக்கை முதல் அடுத்தடுத்த அறிக்கைகள் வரை, சிறிய பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் படிப்பை முடிக்கும் விகிதம் தெளிவாகக் கூடுதல். 2014 அறிக்கையில் வித்தியாசம் 9 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல்.

என்ன வித்தியாசம்? நியூயார்க் பள்ளிகள் பிறக்கும்போதே சின்னவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு திட்டம் எழுதி, போட்டியில் வென்று, ஆசிரியர்களைத் தானே தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் வகுப்பு மட்டும் வைத்துத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்ந்தது. பழைய பள்ளிகளை மூடும்போதும் ஒரே நாளில் பூட்டவில்லை. புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தவர்களைப் படிப்படியாக முடிக்கவிட்டார்கள். மேனுவலில் 2001-ல் நடந்தது பாகப்பிரிவினை. அந்த இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எழுதியதுதான் பிழை. கேட்ஸ் அறக்கட்டளையும் 2009 வாக்கில், தான் பணம் போட்ட சிறிய பள்ளிகளில் பலவற்றில் படிப்பு குறிப்பிடும்படி முன்னேறவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஆசிரியர் தரத்தின் பக்கம் திரும்பியது. நியூயார்க் முடிவுகள் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு!

மறுபிறப்பும் அதற்கு அப்புறமும்

2007 இலையுதிர் பருவத்தில் மேனுவல் ஒன்பதாம் வகுப்போடு மட்டும் திறந்தது. தலைமையாசிரியர் ராப் ஸ்டைன், பேருந்துக் காலத்தில் அதே மேனுவலில் படித்தவர், ஒரு தனியார் பள்ளியின் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு வந்தவர். இந்தத் தடவை நியூயார்க் வழி: ஆசிரியர்கள் புதிதாகத் தேர்வு, ஆண்டுக்கு ஒரு வகுப்பு. டென்வர் பள்ளி நிர்வாகத்தின் விதிகளும் ஆசிரியர் சங்க ஒப்பந்தமும் கையைக் கட்டிப்போடுகின்றன என்று சொல்லி அவர் விலக்குக் கேட்டார். அந்தக் கோரிக்கையும் அதே நகரத்தின் இன்னொரு பள்ளியின் கோரிக்கையும் சேர்ந்துதான் 2008-ல் கொலராடோவின் புதுமைப் பள்ளிகள் சட்டத்துக்கு வழி போட்டன. பள்ளி நேரம், பட்ஜெட், ஆள் எடுப்பது எல்லாவற்றிலும் பள்ளியே முடிவெடுக்கலாம் என்பது அந்தச் சட்டத்தின் சாரம்.

சில ஆண்டுகள் நன்றாகவே போனது. 2010-ல் ஸ்டைன் விலகினார். 2011-ல் புது மேனுவலின் முதல் தொகுதி படிப்பை முடித்து வெளியேறியது. அதற்குப் பிறகு பள்ளி தன் கல்வி முறையை மாற்றியது: நீண்ட கல்வியாண்டு, வகுப்பறைக்கு வெளியே போய்க் கற்கும் பயணங்கள். யோசனைகள் கேட்க நன்றாக இருந்தன. பட்ஜெட் தாங்கவில்லை, அடிப்படைப் பாடங்களில் பிள்ளைகள் நழுவினார்கள். 2013 வாக்கில் மேனுவல் மறுபடியும் நகரப் பட்டியலின் கடைசி வரிசை. 2014 தொடக்கத்தில் தலைமையாசிரியர் மாற்றப்பட்டார்.

இந்தச் சரிவுதான் மேனுவல் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 2001-ன் தோல்வியை விளக்குவது எளிது. ஆனால் இரண்டாம் தடவை எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி செய்தார்கள், சுதந்திரமும் கிடைத்தது, அப்படியும் ஆறேழு ஆண்டில் கலைந்துபோனது. என் கணிப்பு இதுதான்: சின்னப் பள்ளியில் எல்லாம் ஐந்தாறு பேர் தோளில் நிற்கிறது. இரண்டு கணித ஆசிரியரில் ஒருவர் வேலையை விட்டால் கணிதத் துறையில் பாதி போய்விட்டது. தலைமையாசிரியர் போனால் பள்ளியின் நடைமுறை முழுவதும் அவரோடு நடந்து போய்விடுகிறது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி எழுதி வைக்கப்பட்டதில்லை, அவர் மண்டையில் இருந்தது. பெரிய பள்ளி மந்தமாக அசைவதற்குக் காரணமான அதே பாரம்தான் ஆள் மாறும்போது அதைக் காப்பாற்றுகிறது. விதிகளிலிருந்து விலக்குப் பெற்ற சின்னப் பள்ளிக்கு இது இன்னும் ஆபத்து: நல்லவர் கையில் சுதந்திரம் பள்ளியை வேகமாக மேலே கொண்டுபோகும், அடுத்தவர் அதே சுதந்திரத்தோடு அதே வேகத்தில் திசை மாற்றுவார். கேள்வி கேட்க நடுவில் யாரும் இல்லை.

இன்னொன்று, வெளியே இருந்த நிலம் மாறவே இல்லை. 2012 வாக்கில் டென்வர் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. எந்தப் பள்ளியும் சேர்க்கைக்குப் போட்டி போட வேண்டும். சேர்க்கை குறைந்தால் பாடம் குறையும் என்ற பழைய சுழல் அப்படியே காத்திருந்தது. அக்கம்பக்கத்தில் வாடகை ஏறி, குறைந்த வருமானக் குடும்பங்கள் நகரத்தை விட்டே நகர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

மேனுவல் மாதிரி ஒரு பள்ளியின் அறிக்கை என் கைக்கு வந்தால், தேர்ச்சி சதவீதத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எந்த வாசிப்பு நிலையில் வந்தார்கள் என்று தேடுவேன். அடுத்து ஆண்டு நடுவில் வந்தவர், போனவர் எண்ணிக்கை. போனவர்களில் எத்தனை பேரின் காகிதம் வந்து சேரவில்லை என்பதும் சேர்த்து. அப்புறம் கால அட்டவணையை விரித்து, ஒரே ஒரு பிரிவாக நடக்கும் பாடங்கள் எவை, அவற்றில் எவை ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பென்சிலால் வட்டமிடுவேன். ஆசிரியர்களில் இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கேயே இருப்பவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பேன். தேர்ச்சி எண்ணை மூன்று ஆண்டு சேர்த்துப் பார்ப்பேன். ஒற்றை ஆண்டு எண்ணை வைத்து ஒரு பள்ளியைப் பாராட்டுவதும் வேண்டாம், பூட்டுவதும் வேண்டாம். பூட்டியே ஆக வேண்டும் என்று முடிவானால், உள்ளே இருக்கும் கடைசிப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை அங்கேயே முடிக்கும்வரை விளக்கை எரியவிட வேண்டும். நியூயார்க்கில் அதைச் செய்ய முடிந்தது. டென்வரில் அதற்கான பணமும் பொறுமையும் 2006-ல் இருந்திருந்தால் அந்த 550 பேரின் கதை வேறாக இருந்திருக்கும்.